எது படிச்சா ஃபைல்ல என் பேர் வரும்?

வருஷா வருஷம் பல்கலைக்கழகங்கள்ல இருந்து இடம் கிடைச்ச கடிதம் வர்ற மாசத்துல என் போன் அடிக்க ஆரம்பிச்சிடும். "மேடம், மாஸ்டர்ஸ் பண்ண ரெண்டு இடம் கிடைச்சிருக்கு, எத எடுக்கலாம்?" உங்கள்ல பாதிப் பேர் கேட்டிருக்கீங்க, மீதிப் பேர் அடுத்த வருஷம் கேப்பீங்க. நான் ஜொகூர்ல மூணு ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவ. இப்ப தம்போய் வீட்டுல சும்மாத்தான் இருக்கேன், அதனால போனை எடுத்துடறேன். ஆனா பதில் சொல்றதில்ல. இந்த அம்மாவுக்குத் திமிருன்னு சில பேர் பேசிக்கிறதா கேள்வி. திமிர் இல்லப்பா. ஒரு தடவ பதில் சொல்லி, ஒரு பொண்ணோட பாதைய கிட்டத்தட்ட அடைச்சுட்டேன். அத ஒரே தடவையா இங்க எழுதி வெச்சிடறேன். இனிமே போன் போடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சுக்குங்க.

அந்தப் பொண்ணு பேரு கோகிலா. எங்க ஆஸ்பத்திரி சமையற்கட்டுல சூப்பர்வைசர். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியோட ஆளு, அரசாங்க ஆளு இல்ல. மாசாய்ல வீடு, அப்பா பாசிர் கூடாங்குல ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. காலையில மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்குவா, ஹெல்மெட்டக் கழட்டின கையோட தலைக்கு வலையப் போட்டுக்கிட்டு உள்ள போயிடுவா. ஊட்டச்சத்து அறிவியல்ல டிகிரி வாங்கின பொண்ணு. நாள் முழுக்க சாப்பாட்டுத் தட்டு சரியா போச்சா, சூடா போச்சான்னு பார்க்குறது வேலை. "டிகிரி வெச்சுக்கிட்டு ஏம்மா இங்க இருக்க?"ன்னு ஒருநாள் கேட்டேன். "வேற யாரு மேடம் கூப்பிட்டாங்க?"ன்னா. கோபமா எல்லாம் சொல்லல, விலாசம் சொல்ற மாதிரிச் சொன்னா.

அந்தச் சமயத்துல வார்டுல ஒருத்தர் இருந்தார். ரெங்கம் பக்கத்து ஆளு, லோரி ஓட்டி ஓஞ்சவர். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். கால் புண்ணுக்காகச் சேர்த்திருந்தாங்க. ஒருநாள் காலையில அவரோட அரை மணி நேரம் உக்காந்தேன். ஃபாரத்துல இருக்குற எல்லாக் கேள்வியும் கேட்டேன். சோறு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, உப்பு, கருவாடு, இளநி. நல்ல மனுஷன், ஒண்ணு விடாமப் பதில் சொன்னார். நடு நடுவுல விக்கல். "காலையிலேர்ந்து இப்படித்தான் மேடம், யாரோ விடாம நெனைக்கிறாங்க"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். எழுதி முடிச்சு, கையெழுத்துப் போட்டு, சாப் குத்திட்டு வந்துட்டேன். பேரும் பதவியும் இருக்குற அந்த ரப்பர் சாப் இல்லாம நம்ம நாட்டுல காகிதம் காகிதமே இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

மத்தியானம் கோகிலா மூச்சு வாங்க என் ரூம் வாசல்ல வந்து நின்னா. தட்டு எடுக்க வார்டுக்குப் போயிருக்கா. அந்த மனுஷன் சோத்தத் தொடவே இல்ல. ஏன்னு சுத்தி முத்திப் பார்த்திருக்கா. கட்டில் பக்கத்து அலமாரியில ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ள பெலிம்பிங் துண்டு. குறுக்கால வெட்டினா நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் பழம்.

"எத்தன சாப்பிட்டீங்க அங்கிள்னு கேட்டேன் மேடம். நேத்துலேர்ந்து ஏழு எட்டு இருக்கும்ங்கறாரு. வீட்டு மரத்துல காய்ச்சதாம். பிரஷருக்கு நல்லதுன்னு சம்சாரம் கொண்டாந்து குடுத்திருக்காங்க. விக்கல் நிக்கவே மாட்டேங்குது, இப்ப பேச்சும் கொஞ்சம் குழறுது."

சிறுநீரகம் வேலை செய்யாத உடம்புக்கு அந்தப் பழம் விஷம், அது விக்கல்லதான் ஆரம்பிக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. பாடம் நடத்தியிருக்கேன். அந்த விக்கலக் காதால கேட்டுக்கிட்டே அரை மணி நேரம் உக்காந்து ஃபாரம் எழுதினவ நான். ஆரம்பத்துல எனக்கு மேலதிகாரியா ஒரு சீன அம்மா இருந்தாங்க. "ஃபாரத்தத் தொறக்குறதுக்கு முன்னாடி அலமாரியத் தொற, கட்டிலுக்கு அடியில குனி"ன்னு தலையில குட்டாத குறையாச் சொல்வாங்க. வருஷம் ஆக ஆக, குனியுற பழக்கம் எனக்குப் போயிடுச்சு.

டாக்டர்கிட்ட ஓடினேன். உடனே டயாலிசிஸ் போட்டாங்க. ரெண்டு நாள்ல அவர் பழையபடி பேச ஆரம்பிச்சார்.

டயாலிசிஸ் போட்ட அன்னைக்குச் சாயந்தரம், நடந்தத நான் ஃபைல்ல எழுதிக்கிட்டிருந்தேன். கோகிலா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. நான் சாப் குத்தினதும் கேட்டா:

"இத நான் எழுதி நான் கையெழுத்துப் போட முடியாதா மேடம்?"

"முடியாதும்மா. பதிவு பெற்ற டயட்டீஷியனா இருக்கணும்."

"எது படிச்சா ஃபைல்ல என் பேர் வரும்?"

"மாஸ்டர்ஸ் பண்ணு"ன்னு சொல்லிட்டு கைப்பையில கார் சாவியத் தேடினேன். எந்த மாஸ்டர்ஸுன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. என் தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

அடுத்த வருஷம் ரெண்டு கடிதத்தோட வந்தா. தம்போய்ல ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து, இழுத்து ஆத்தின தே தாரிக் டீயக் குடிச்சுக்கிட்டே பார்த்தோம். முதல் கடிதம் ஆராய்ச்சி மாஸ்டர்ஸ். பேர் போன பேராசிரியை, கட்டணம் கிடையாது, மாசா மாசம் உதவித்தொகை. ரெண்டாவது கோலாலம்பூர் பக்கம். மருத்துவ உணவியல், ரெண்டு வருஷம் முழு நேரம், உதவித்தொகை கிடையாது, நடுவுல ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்தக் கடைசி வரிய நான் படிச்சேன். 'ஐயோ, மறுபடியும் ஆஸ்பத்திரியா, இவதான் தினமும் அங்கயே கெடக்குறாளே'ன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல்ல உள்ளத எடு. மாஸ்டர்ஸுன்னா மாஸ்டர்ஸ்தான் லா"ன்னேன்.

அவளும் அத ஏத்துக்கிட்டதா எழுதி அனுப்பிட்டா. ரெண்டாவது இடத்துக்கு ஒண்ணும் எழுதல. நாள் முடிஞ்சா அதுவே போயிடும்னு விட்டுட்டா. அவ அப்பா உறவுக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை மத்தியானம். என் யூனிட்ல புதுசாச் சேர்ந்த ஃபாரான்னு ஒரு மலாய்ப் பொண்ணு இருந்தா, அவகிட்ட இந்தக் கதையப் பெருமையாச் சொன்னேன். அவ கையில இருந்த பிஸ்கட்டக் கீழ வெச்சா. "புவான், அதுல வார்டு பயிற்சி இல்லையே. அத முடிச்சாலும் அவங்களால டயட்டீஷியனாப் பதிவு செய்ய முடியாதே"ன்னா.

"அதெல்லாம் முடியும்"னு அவகிட்ட வாக்குவாதம் பண்ணினேன். அப்புறம் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு, ரெண்டு படிப்போட பாடப் பட்டியலையும் முதல் தடவையா ஒழுங்கா வாசிச்சேன். அவ சொன்னதுதான் சரி. நான் சேர்ந்த காலத்துல ஊட்டச்சத்துல ஒரு டிகிரி போதும், மீதிய ஆஸ்பத்திரியே பழக்கிடும். பதிவுக்குச் சட்டம் வந்ததும் எனக்குத் தெரியும், புதுசா வர்றவங்களோட பதிவப் பார்த்துத்தான் சேர்த்திருக்கேன். ஆனா மாஸ்டர்ஸுங்குற வார்த்தையக் கேட்டதும், அது எல்லாத்துக்கும் மேலன்னு ஒரு நெனப்பு. விசாரிக்கணும்னே தோணல. சீனியர்னு நம்மள நாலு பேர் கேக்க ஆரம்பிச்சதும் வர்ற வியாதி இது. உங்களுக்கும் ஒருநாள் வரும், பாத்துக்குங்க.

வெக்கமா இருந்துச்சு. அஞ்சு மணிக்கு அவளுக்குப் போன் பண்ணி, சுத்தி வளைக்காமச் சொல்லிட்டேன்.

"ரெண்டாவது இடத்துக்கு நாளைக்குத்தான் மேடம் கடைசி நாள். அஞ்சு மணி."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, லீவாச்சே. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் பாத்துக்கலாம் மா."

"மேடம், லீவு நமக்குத்தான். அவங்களுக்கு நாளைக்கு வேலை நாள். ஞாயித்துக்கிழமைதான் அவங்களுக்கு லீவு."

இப்ப மாத்திட்டாங்க, அதனால சின்னவங்களுக்குச் சொல்றேன்: அப்ப நம்ம ஜொகூர்ல வெள்ளியும் சனியும் லீவு, கோலாலம்பூர்ல சனியும் ஞாயிறும். அத்தன வருஷம் அப்படி இருந்தும் அவசரத்துல நமக்கு நம்ம காலண்டர்தான் ஞாபகம் வரும். அவ அன்னைக்குத் திருத்தலன்னா நான் ஞாயித்துக்கிழமை காலையில பூட்டின ஆபீஸுக்குப் போன் அடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. ஏத்துக்குற ஃபாரத்தோட சான்றிதழ் நகல் அனுப்பணும். நகல்ல ஒரு அரசாங்க அதிகாரி கையெழுத்துப் போட்டு சாப் குத்தியிருக்கணும். என் சாப் ஆபீஸ் மேசை டிராயர்ல கெடக்கு. வெள்ளிக்கிழமை காலையில காவலர்கிட்ட சாவி வாங்கி ஆபீஸத் தொறந்தேன். நல்ல மழை. பத்து மணிக்கு அப்பனும் மகளும் மோட்டார் சைக்கிள்ல மழைக்கோட்டோட வந்து சேர்ந்தாங்க.

கார்ல வரும்போதே நான் ஒரு முடிவோட வந்தேன். ரெண்டாவது இடத்த எடுன்னு அழுத்திச் சொல்லிடணும். என் தப்ப நானே துடைச்ச மாதிரி ஆயிடும்ல. வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அவ அப்பா கேட்டார்.

"மேடம், அன்னைக்கு அது நல்லதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க. தப்பாச் சொல்லிட்டேன்."

"இன்னைக்குச் சொல்லப்போறது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

மரியாதையாத்தான் கேட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா நியாயமான கேள்வி. அந்த மனுஷன் இன்னும் சில வருஷத்துல ரிட்டையர் ஆகணும், மகளோட உதவித்தொகைய நம்பி வீட்டுல என்னென்ன யோசிச்சு வெச்சிருந்தாரோ. என் மனசாட்சி லேசாகுறதுக்கு அவரு ஏன் ரெண்டு வருஷம் கஷ்டப்படணும்?

"நம்பாதீங்க. நான் ஒண்ணும் சொல்லல. நேரா அவங்ககிட்டயே கேப்போம்"னேன்.

முதல்ல ஆராய்ச்சிப் பேராசிரியைக்குப் போட்டோம். போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெச்சேன். கோகிலா கேட்டா, "ப்ரொஃப், எனக்கு வார்டுல டயட்டீஷியனா நிக்கணும். இந்தப் படிப்ப முடிச்சா முடியுமா?"

"முடியாது. யாரு முடியும்னு சொன்னது?"

கோகிலா என்னப் பார்த்தா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"யாரும் சொல்லல ப்ரொஃப். நானே விசாரிக்காம நெனச்சுக்கிட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பேராசிரியை ஒளிவு மறைவில்லாமப் பேசினாங்க. அவங்ககிட்டப் படிச்சவங்க ஆராய்ச்சியில இருக்காங்க, உணவுக் கம்பெனியில இருக்காங்க, கல்லூரியில பாடம் நடத்துறாங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வார்டு வேணும்னா இங்க வராத. "விலகுறதா இருந்தா இன்னைக்கே எழுது. இந்த லேபுக்காகவே ஒரு பையன் காத்துக்கிட்டிருக்கான்"னாங்க. மூணு நிமிஷம்கூட ஆகல. இந்தப் போனை ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் போட்டிருக்கலாம்.

ரெண்டாவது இடத்துக்கு நாலு தடவ அடிச்சும் லைன் பிஸி. வெள்ளிக்கிழமை அவங்க பன்னெண்டே காலுக்குத் தொழுகைக்கு எழுந்து போனா ரெண்டே முக்காலுக்குத்தான் திரும்புவாங்க. பதினொன்னரைக்கு ஒரு கிளார்க் எடுத்தார். ஆமா, பயிற்சி முழுக்க வார்டுலதான். முடிச்சா பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். எந்த ஊருக்கும் அனுப்புவோம். உதவித்தொகை இல்ல. வேற எந்த இடத்தையும் கையில வெச்சிருக்கலன்னு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். அஞ்சு மணி தாண்டினா இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்.

அப்பா ஜன்னலப் பார்த்துக்கிட்டே கேட்டார். "இத முடிச்சா அந்த ஃபைல்ல உன் பேர் இருக்குமா?"

"இருக்கும்பா."

"அத முடிச்சா?"

"இருக்காது."

"அப்புறம் என்ன? எழுது. நான் ஓட்டி செஞ்சு பாத்துக்கறேன்." ஓட்டின்னா ஓவர்டைம். அந்த வயசுல ஃபேக்டரியில ஓவர்டைம்னா சும்மா இல்ல. அவர் அத சர்வசாதாரணமாச் சொல்லிட்டு மறுபடி ஜன்னலப் பார்த்தார்.

நான் நகல்ல எல்லாம் சாப் குத்தினேன். இப்ப ஒரே ஒரு பயம். முதல் இடத்துல இருந்து விலகிட்டு, ரெண்டாவது ஏதாவது காரணத்தால தட்டிப் போச்சுன்னா ரெண்டும் இல்ல. எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்துச்சு. "முதல்ல இத அனுப்பிடு மா. அவங்க சரின்னு சொன்னதும் அதுல இருந்து விலகிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

கோகிலா பேனாவக் கையில வெச்சுக்கிட்டே சொன்னா, "வேற இடம் இல்லன்னு பொய் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா மேடம்? அந்தக் கையெழுத்துக்குத்தானே இவ்வளவும்."

அலமாக்! முப்பது வருஷமா சாப் வெச்சிருந்தவ நான், அத இவகிட்ட இருந்து கேக்க வேண்டியிருந்துச்சு.

விலகல் கடிதம் முதல்ல ஈமெயில்ல போச்சு. பன்னெண்டு பத்துக்கு ஃபாரம் போச்சு. அதுக்கப்புறம் மூணு மணி தாண்டுற வரைக்கும் அந்தப் பொண்ணு கையில எந்த இடமும் இல்ல. மேசையில கெடந்த ஃபாராவோட பிஸ்கட்ட மூணு பேரும் சாப்பிட்டோம். மூணு அஞ்சுக்குப் பதில் வந்துச்சு: கிடைத்தது, இடம் உறுதி. அவ அத ரெண்டு தடவ சத்தமா வாசிச்சா. அப்பா மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு, "ஷிஃப்டுக்கு நேரமாச்சு"ன்னார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆராய்ச்சி ஒசத்தியா, வார்டு ஒசத்தியான்னு என்னக் கேக்காதீங்க. அந்த லேப்ல சேர்ந்த பையன் இப்ப ஜம்முன்னு இருக்கான்னு கேள்விப்பட்டேன். நாள் முடியும்போது எந்தக் காகிதத்துல உங்க பேர் இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் ரெண்டு இடத்துக்கும் போன் போட்டு, அவங்ககிட்டப் படிச்சவங்க இப்ப எங்க உக்காந்திருக்காங்கன்னு கேளுங்க. என்னக் கேட்டா, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து விதியத்தான் சொல்லுவேன். என் சாப்பும் இப்ப செல்லாது.

நான் ரிட்டையர் ஆக ரெண்டு மாசம் இருக்கும்போது கோகிலாவப் பயிற்சிக்கு எங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்பினாங்க. அவளுக்கு முதல்ல வந்த நோயாளி யாரு தெரியுமா? ரெங்கத்து லோரிக்காரர். மறுபடியும் கால் புண்ணு. அவ ஃபாரத்தத் தொறக்கல. அலமாரியத் தொறந்து பார்த்தா, அப்புறம் கட்டிலுக்கு அடியில குனிஞ்சா.

"தட்டு எடுக்க வந்த பொண்ணாச்சே நீ"ன்னார் அவர்.

"ஆமா அங்கிள். வீட்டுல பெலிம்பிங் காய்க்குதா?"

"மரத்த வெட்டியாச்சு மா. எங்க வீட்டம்மா ஒரு வாரம் என்னோட பேசல."

குறிப்ப அவ எழுதினா. பயிற்சி மாணவின்னு போட்டு, கீழ அவ பேரு, கையெழுத்து. மாணவி எழுதினதுக்குப் பொறுப்பா அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டு சாப் குத்தினேன். திருத்துறதுக்கு ஒரு வரிகூட இல்ல.

சாயந்தரம் நான் காருக்குப் போகும்போது அவ அப்பா மோட்டார் சைக்கிளோட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். ஃபேக்டரி யூனிஃபார்ம் மாத்தாம வந்திருந்தார், ஆளு மெலிஞ்சிருந்தார். கோகிலா ஓடி வந்தா.

"அப்பா, இன்னைக்கு ஃபைல்ல என் பேர் வந்துச்சு."

"எங்க, போட்டோ எடுத்தியா? காட்டு."

"நோயாளி ஃபைலுப்பா. எடுக்கக் கூடாது, காட்டக் கூடாது."

"சரி, காட்ட வேணாம். இருக்குல்ல?"

"இருக்குப்பா."

அவர் ஹெல்மெட்ட அவகிட்ட நீட்டிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணினார்.